ஒலிபரப்பிலிருந்து சுகாதாரப் பணிக்கு

வானொலியிலும் தொலைக்காட்சியிலும் செய்தி கூறிப் பழகியவர்கள் பொதுச் சுகாதாரப் பிரசாரத்துக்கு வருவதை நான் மனமார வரவேற்கிறேன். ஆயினும், அங்கே அவர்கள் கற்ற வித்தையில் ஒரு பகுதியை மறக்க வேண்டியிருக்கும் என்பது என் அபிப்பிராயம். 2014-ஆம் ஆண்டில் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவிய ஆரம்ப மாதங்களில், இந்நோய்க்கு மருந்தே இல்லை, இது கொல்லும் நோய் என்ற வாக்கியம் ஓயாமல் ஒலித்ததன் விளைவாக, மருந்தில்லாத இடத்துக்குக் கொண்டுபோய் என்ன பிரயோஜனம் என்று எண்ணிய பல குடும்பங்கள் நோயாளிகளை வீட்டிலேயே மறைத்து வைத்துக்கொண்டன. செய்தி என்ற அளவில் அதில் பிழையில்லை. ஆனால், சீக்கிரம் சிகிச்சைக்கு வந்தால் பிழைக்க வழி கூடும் என்ற, அச்சமயம் மிக அவசியமான மற்றோர் உண்மை அதனால் அமுங்கிப் போயிற்று. அவ்வாண்டு செப்டம்பரில் கினி நாட்டின் வோமே கிராமத்தில், நோயைப் பற்றி விளக்கச் சென்ற குழுவினரே நோயைக் கொண்டுவருகிறார்கள் என்ற பீதியில் அக்குழுவைச் சேர்ந்த எட்டுப் பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களுள் மூவர் பத்திரிகையாளர்கள் என்பதை நினைக்குந்தோறும் நெஞ்சு பதறுகிறது. ஆகவே, இப்பணிக்கு வரும்போது, புதுமையையே தேடும் நிருபர், ஒரே விஷயத்தைச் சலிக்காமல் நூறு முறை சொல்வதையும், சொல்வதற்கு முன் ஊர்ப் பெரியவர்களும் தாய்மார்களும் எதற்கு அஞ்சுகிறார்கள் என்று உட்கார்ந்து கேட்பதையும் கௌரவக் குறைவாகக் கருதலாகாது. பேட்டி காண்பதில் தேர்ந்தவர்களுக்குக் கேட்கும் பயிற்சி ஏற்கெனவே உண்டு. ஆகையால், அவர்களை நியமிக்கும் சுகாதார இலாகாக்கள் அறிக்கை எழுதும் மேஜையில் உட்காரவைத்துவிடாமல், முதல் வருஷத்தைக் கிராமங்களிலே கழிக்க அனுப்ப வேண்டும்.