சொல் வேட்டை: பேட்டை

திருநெல்வேலி ஜங்ஷனிலிருந்து சுலோசன முதலியார் பாலத்தைக் கடந்து சற்று நடந்தால் வண்ணார்பேட்டை. இதில் ‘வண்ணார்’ விளங்குகிறது. தாமிரபரணி பக்கத்திலேயே ஓடும்போது துணி வெளுப்பவர்கள் வேறு எங்கே போய்க் குடியிருப்பார்கள்? ஆனால், ‘பேட்டை’ என்றால் என்ன?

“பேட்டை என்றால் ஊர்” என்று சொல்லிவிடலாம். அது போதாது, நேயர்களே! பட்டினம், பாக்கம், சேரி என்ற பழஞ்சொற்களைப் போல இது சங்க நூல்களில் அகப்படுவதில்லை. ராஜராஜ சோழனுடைய தஞ்சைக் கல்வெட்டுக்களில் இதே தொழிலாளரின் குடியிருப்பு ‘வண்ணாரச்சேரி’தான். பேட்டை பின்னால் வந்தது. கன்னடத்தில் பேட்டெ, தெலுங்கில் பேட்ட, மராத்தியில் பேட். பூனா நகரில் புதவார் பேட், சதாசிவ பேட் என்று தெருவுக்குத் தெரு பேட்டைதான்! விஜயநகர, நாயக்கர் காலத்தில் வடக்கேயிருந்து இங்கே வந்து பரவிய சொல் என்றே எனக்குப் படுகிறது.

பொருள் என்னவோ தெளிவு. கோட்டைக்கு வெளியே சந்தையும் கைத்தொழிலும் கூடிய குடியிருப்பு பேட்டை. கொழும்பில் ஆங்கிலேயர் ‘பெட்டா’ என்ற இடத்தைத் தமிழர் ‘புறக்கோட்டை’ என்கிறார்கள், அகராதியே வேண்டாம். நம் வண்ணார்பேட்டையும் பாளையங்கோட்டைக்குப் புறத்தே, ஆற்றங்கரையில்தானே இருக்கிறது!

கோட்டைக்குள்ளே அதிகாரிகள். அவர்கள் உடுத்தியதை நெய்தவர்களும், அழுக்கு நீக்கி வெள்ளாவி வைத்தவர்களும் மதிலுக்கு வெளியே. சண்டை வந்தால் முதல் அடி யாருக்கு? 1791 மார்ச் 7-ஆம் தேதி பெங்களூரில் கார்ன்வாலிஸின் படை முதலில் பிடித்தது பேட்டையைத்தான். அங்கிருந்த தானியமும் துணியும் சூறை போயின. கல் கோட்டை விழ மேலும் இரண்டு வாரம் ஆயிற்று.

சண்டைதான் என்றில்லை, வியாபாரமும் பேட்டைகளை உண்டாக்கியது. சென்னையில் 1734-இல் கம்பெனிக்காரர்கள் நெசவாளரைக் குடியேற்றிய இடம் சிந்தாதிரிப்பேட்டை. ‘சின்னத் தறிப் பேட்டை’ மருவியது என்பார்கள். நம் காலத்தில் இந்தச் சொல்லுக்கு இரண்டு பேரன்கள். ஒருவன் ‘பேட்டை ரௌடி’. அவனைச் சினிமாவுக்கு விட்டுவிடுவோம். இன்னொருவன் ‘தொழிற்பேட்டை’. கிண்டியில் 1958-இல் தொழிற்பேட்டை திறந்தார்கள். அந்தப் பெயரை வைத்தவர் யாரோ, பழம்பொருளைச் சரியாகப் பிடித்துவிட்டார்!

ஊர்ப் பெயர்களில் ஜாதி எதற்கு, எடுத்துவிடலாமே என்று கேட்கிறார்கள். வாலாக ஒட்டிய பட்டங்களை நறுக்குவது நியாயமே. ஆனால் பட்டம் சூட்டிக்கொண்டவர் பெயரும், முழங்காலளவு தண்ணீரில் நின்று கல்லில் துணி அடித்தவர் பெயரும் ஒன்றாகுமா? மதிலுக்குள் இருந்தவர்களுக்குக் கல்வெட்டு உண்டு, சரித்திரம் உண்டு. இவர்கள் அங்கே வாழ்ந்ததற்கு அந்த ஒரு பெயர்தான் அத்தாட்சி. அந்தச் சமூகத்தாரே வேண்டாமென்றால் அது வேறு விஷயம். முடிவு சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தாம்.

சென்னை வண்ணாரப்பேட்டையை ஆங்கிலத்தில் ‘வாஷர்மன்பேட்’ என்று எழுதுகிறார்கள். வண்ணாரை மொழிபெயர்த்த துரைமார்கள் பேட்டையை மட்டும் தொடவில்லை!