காரின் ஆயுளைக் காலண்டர் தீர்மானிக்கலாமா?

மும்பை மாதுங்காவில், கிங்ஸ் சர்க்கிளை ஒட்டியுள்ள உணவகங்களில் ஞாயிற்றுக்கிழமை காலை இட்லிக்கும் காபிக்கும் காத்திருக்கும் வரிசை, தெருவோரம் வரை நீண்டிருக்கும். வரிசையில் நிற்பவர்கள் பேசாத பொருள் இல்லை. சென்ற முறை அங்கு நின்றபோது எனக்கு முன்னால் இருந்த மூன்று தமிழர்கள் பேசிக்கொண்டிருந்தது அரசியல் அன்று. தாங்கள் ஓட்டிய கார்களைப் பற்றி.

ஒருவர் செம்பூரில் வசிக்கும் ஓய்வுபெற்ற மத்திய அரசு ஊழியர். பிரிமியர் பத்மினியில் தொடங்கி மாருதி 800-க்கு மாறி, இப்போது தானியங்கி கியர் வண்டி வைத்திருப்பவர். இன்னொருவர் தாராவியில் தோல் பைகள் தயாரிப்பவர், பூர்வீகம் திருநெல்வேலி. பழைய அம்பாசிடர் ஒன்றை வாங்கிப் பல ஆண்டுகள் ஓட்டியவர். மூன்றாமவர் டாக்சி ஓட்டுநர்.

பத்மினியின் கியர் தண்டு தரையில் இல்லாமல் ஸ்டீயரிங் தண்டோடு இணைந்திருந்ததால் முன் இருக்கையில் மூவர் உட்கார முடிந்தது என்றார் செம்பூர்க்காரர். ஸ்டீயரிங் கனமாக இருக்கும். பிரேக்கை ஊன்றி மிதிக்க வேண்டும். குளிர்ந்த காலையில் சோக்கை இழுத்து, என்ஜின் ஓசையைக் காதால் கேட்டுத்தான் கிளப்ப வேண்டும். இப்போதைய வண்டியில் இவை எதுவுமில்லை. ஆனால், வண்டியை நாம் ஓட்டுகிறோம் என்ற உணர்வும் இல்லை என்பது அவருடைய குறை. அம்பாசிடரின் பின் இருக்கை அகலத்துக்கும், பள்ளம் மேடுகளை அது விழுங்கிய விதத்துக்கும் இணை கிடையாது என்றார் தாராவிக்காரர். தோல் கட்டுகளை ஏற்றிக்கொண்டு நகரம் முழுவதும் சுற்றியிருக்கிறாராம். மழைக்காலத்தில் கிங்ஸ் சர்க்கிளில் தேங்கும் தண்ணீரில் நின்றுபோனாலும் டிஸ்டிரிபியூட்டர் மூடியைக் கழற்றித் துடைத்துவிட்டுக் கிளப்பிவிடலாம்; இன்றைய வண்டியென்றால் இழுவை வண்டியைத்தான் அழைக்க வேண்டும் என்பதில் இருவரும் ஒன்றுபட்டனர்.

டாக்சி ஓட்டுநர் கடைசியில்தான் வாய் திறந்தார். பத்மினிக்குப் பிறகு சான்ட்ரோ, அதற்குப் பிறகு வேகன்-ஆர் ஓட்டுகிறார். இடுப்பு வலி குறைந்திருக்கிறது, கை வலி போய்விட்டது, பயணிகளுக்குக் குளிர்சாதன வசதி இருக்கிறது என்று புதிய வண்டியின் நல்லதையெல்லாம் ஒப்புக்கொண்டார். பிறகு சொன்னார்: "இப்ப வண்டியை நான் ஓட்டலை, அண்ணாச்சி. மாசத் தவணைதான் ஓட்டுது."

கார் பிரியர்களின் பொழுதுபோக்குப் பேச்சாகத் தொடங்கியது, அந்த ஒரு வாக்கியத்தில் பொதுக் கொள்கை பற்றிய கேள்வியாக மாறிவிட்டது. ஒரு வாகனம் எப்போது சாலைக்குத் தகுதியற்றதாகிறது? அதைத் தீர்மானிக்க வேண்டியது காலண்டரா, பரிசோதனையா? அதற்கான விலையை யார் கொடுப்பது?

குர்லாவில் பிறந்த கார்

மும்பைத் தமிழர்கள் பத்மினியைத் தங்கள் வீட்டுப் பிள்ளைபோலப் பேசுவதற்குக் காரணம் உண்டு. வால்சந்த் ஹிராசந்த் 1944-இல் தொடங்கிய பிரிமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனத்தின் ஆலை இருந்த குர்லா, செம்பூருக்கு அடுத்த ஊர், தாராவிக்கும் தொலைவில்லை. இத்தாலியின் ஃபியட் நிறுவனத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தின்கீழ் அங்கே தயாரான ஃபியட் 1100, பின்னர் 1974-இல் பிரிமியர் பத்மினி என்று பெயர் பெற்றது. என்ஜின் அளவு 1,089 சி.சி. மட்டுமே.

அன்றைய இந்தியாவில் காருக்கும் மாநிலம் இருந்தது. கொல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் அம்பாசிடர், மும்பையில் ஃபியட், சென்னையை அடுத்த வண்டலூர்ப் பகுதியில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. டி.டி. கிருஷ்ணமாச்சாரி மத்திய வர்த்தக, தொழில் துறை அமைச்சராக இருந்த 1953-இல், உள்நாட்டில் உற்பத்தி செய்யும் திட்டம் உள்ள நிறுவனங்களுக்கு மட்டுமே இடம் என்று அரசு முடிவெடுத்தது. உதிரி பாகங்களைக் கொண்டுவந்து இங்கே பூட்டி விற்றுக்கொண்டிருந்த ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு நிறுவனங்கள் வெளியேறின. அதன் பிறகு சுமார் 30 ஆண்டுகள் இந்திய நடுத்தர வர்க்கத்துக்குக் கார் என்றால் இந்த மூன்றில் ஒன்றுதான். அதுவும் பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தால்.

அந்தக் காத்திருப்பை முடித்துவைத்த மாருதியும் நாடாளுமன்றத்தின் வழியாகத்தான் வந்தது. சஞ்சய் காந்தியின் மாருதி நிறுவனத்தைப் பற்றி 1970-களில் அவையில் எழுந்த கூச்சல் கொஞ்சமல்ல. அவர் மறைந்த பிறகு, 1980-இல் தனிச் சட்டம் இயற்றி அந்த நிறுவனத்தை அரசு கையகப்படுத்தியது. 1983 டிசம்பர் 14 அன்று முதல் மாருதி 800-இன் சாவியைப் பிரதமர் இந்திரா காந்தி வழங்கினார். பத்மினியின் இறங்குமுகம் அன்றே தொடங்கிவிட்டது. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதன் உற்பத்தி நின்றது.

ஆனாலும் டாக்சியாக அது பிழைத்துக் கிடந்தது. எந்தத் தெருவோர மெக்கானிக்கும் பழுது பார்க்க முடிந்தது. உதிரி பாகம் மலிவு. மாசு வழக்கில் மும்பை உயர் நீதிமன்றம் காட்டிய கண்டிப்பால், பின்னாளில் இந்த டாக்சிகள் இயற்கை எரிவாயுவுக்கும் மாறின. எரிவாயு உருளை பின்பெட்டியை அடைத்துக்கொண்டதால், பயணிகளின் பெட்டி படுக்கைகள் கூரைக்கு ஏறின. கறுப்பு, மஞ்சள் வண்ணத்தில் கடைசி பத்மினி டாக்சி, தார்தேவ் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் 2003 அக்டோபர் 29 அன்று பதிவானது. மும்பை டாக்சிகளுக்கான வயது வரம்பு 20 ஆண்டுகள். எனவே 2023 அக்டோபர் இறுதியோடு பத்மினி டாக்சியின் காலம் முடிந்தது. ஒன்றையாவது நினைவுச் சின்னமாகப் பாதுகாக்க வேண்டும் என்று டாக்சி ஓட்டுநர் சங்கம் அரசுக்கு மனுக் கொடுத்தது.

மூன்று அளவுகோல்கள்

இங்கேதான் விநோதம் தொடங்குகிறது. அதே ஆலையில், அதே ஆண்டில், அதே என்ஜினுடன் தயாரான பத்மினி செம்பூரில் ஒரு தனியார் வீட்டு வாசலில் நின்றால், தகுதிச் சான்று பெற்று, 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பித்து ஓட்டிக்கொண்டிருக்கலாம். டாக்சி என்றால் 20 ஆண்டுகளோடு சரி. அந்தக் கார் தலைநகர் தில்லியில் இருந்தால், பெட்ரோல் வண்டிக்கு 15 ஆண்டுகள், டீசல் வண்டிக்கு 10 ஆண்டுகள் என்ற தடைக்குள் வந்துவிடும். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் பிறப்பித்து, 2018-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்த தடை அது. அதே கார் எப்படியாவது 50 வயதைக் கடந்துவிட்டால், அது பழம்பெருமை வாய்ந்த வாகனமாகிவிடும்! 2021 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட விதிகளின்படி, 20,000 ரூபாய் கட்டினால் 'வி.ஏ.' என்ற தனி எழுத்துகளோடு புதிய எண் பலகை கிடைக்கும். கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் ஓட்டிச் செல்லலாம். அன்றாடப் பயன்பாட்டுக்கும் வாடகைக்கும் மட்டும் கூடாது.

ஆக, 20 வயதில் குப்பை, 50 வயதில் பொக்கிஷம். இடைப்பட்ட 30 ஆண்டுகள் காரை மூடி வைத்துக் காப்பாற்ற இடமும் பணமும் உள்ளவருக்கே பொக்கிஷம் வாய்க்கும். தாராவியில் வண்டியை நிறுத்தவே இடமில்லாதவருக்கு அது வாய்க்காது.

வாடகை வண்டிக்குத் தனி அளவுகோல் இருப்பதில் நியாயம் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. தனியார் கார் ஓராண்டில் ஓடும் தொலைவை டாக்சி சில மாதங்களில் ஓடிவிடுகிறது. அதில் ஏறுபவர் வண்டியின் நிலையை அறியாத பொதுஜனம். பெருநகரங்களில் விற்கப்படும் புதிய பெட்ரோல் கார்களில் புகை வடிகட்டும் வினையூக்கிக் கருவி 1995-இல்தான் கட்டாயமாயிற்று. அதற்கு முந்தைய வண்டிகள் கக்கிய புகை எத்தகையது என்பது சிக்னலில் அவற்றின் பின்னால் நின்றவர்களுக்குத் தெரியும். காற்றுப்பைகளோ, மோதலைத் தாங்கும் அமைப்போ பத்மினியில் கிடையாது. எனவே பழைய கார்களை அப்படியே ஓடவிட வேண்டும் என்பது நமது வாதமன்று. வயதை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதாதீர்கள் என்பதே.

இந்த வேறுபாட்டை உச்ச நீதிமன்றமும் உணரத் தொடங்கியிருக்கிறது. 2025 ஜூலை 1 முதல் தில்லியில் வயது கடந்த வண்டிகளுக்குப் பெட்ரோல், டீசல் வழங்கக் கூடாது என்ற உத்தரவு நடைமுறைக்கு வந்து, எதிர்ப்பு வலுத்ததும் சில நாள்களிலேயே நிறுத்தி வைக்கப்பட்டது. வயதை மட்டும் காரணம் காட்டி உரிமையாளர்கள் மீது கட்டாய நடவடிக்கை கூடாது என்று ஆகஸ்ட் 12-இல் கூறிய உச்ச நீதிமன்றம், டிசம்பரில் அந்தப் பாதுகாப்பை பாரத் நிலை-4 மாசுத் தரமும் அதற்கு மேற்பட்டதும் கொண்ட வாகனங்களுக்கு மட்டும் என்று வரையறுத்தது. அதாவது, கேள்வி 'எத்தனை வயது?' என்பதிலிருந்து 'எவ்வளவு புகை?' என்பதை நோக்கி ஓரடி நகர்ந்திருக்கிறது. சரியான திசைதான்.

யார் தலையில் சுமை?

2021 பிப்ரவரி நிதிநிலை அறிக்கையில் நிர்மலா சீதாராமன் அறிவித்து, மார்ச்சில் நிதின் கட்கரி மக்களவையில் விவரித்த வாகன அழிப்புக் கொள்கையும் அடிப்படையில் இதைத்தான் சொன்னது. வணிக வாகனங்களுக்கு 15 ஆண்டுகளுக்குப் பிறகும், தனியார் வாகனங்களுக்கு 20 ஆண்டுகளுக்குப் பிறகும் தானியங்கி நிலையங்களில் தகுதிச் சோதனை. தேறினால் ஓடலாம், தவறினால் அழிக்க வேண்டும். ஆனால், அந்தச் சோதனை நிலையங்கள் போதுமான அளவில் எழும்பவில்லை. கனரக வாகனங்களுக்கு 2023 ஏப்ரல் என்று குறித்த கெடு, 2024 அக்டோபருக்குத் தள்ளிப்போனது. கட்டண உயர்வு மட்டும் தாமதமாகவில்லை. 600 ரூபாயாக இருந்த கார் மறுபதிவுக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாயாயிற்று. 20 ஆண்டுகளைக் கடந்த கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாய் என்று உயர்ந்தது.

பழையதைக் கொடுத்துவிட்டுப் புதியது வாங்குவோருக்குச் சலுகை உண்டே என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். புதிய வண்டி விலையில் 4 முதல் 6 சதவீதம் வரை அழிப்பு மதிப்பாகக் கிடைக்கும் என்கிறது கொள்கை. உற்பத்தியாளர்கள் 5 சதவீதம் தள்ளுபடி தரலாம் என்பது அரசின் யோசனை மட்டுமே. விலை 6 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால், இரண்டும் சேர்ந்து அதிகபட்சம் 66,000 ரூபாய். மீதி 5,34,000 ரூபாய்க்கு அந்த ஓட்டுநர் எங்கே போவார்? வங்கிக்கோ நிதி நிறுவனத்துக்கோதான். அவர் சொன்ன மாதத் தவணையின் பொருள் இதுதான். காற்று தூய்மையாவதால் கிடைக்கும் பயன் நகரத்தில் உள்ள அனைவருக்கும். அதற்கான கடன் மட்டும் அவர் ஒருவருக்கு.

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 59-ஆவது பிரிவு, வாகனத்தின் ஆயுட்காலத்தை அறிவிக்கை மூலம் நிர்ணயிக்க மத்திய அரசுக்கு அதிகாரம் அளிக்கிறது. இச்சட்டத்தின்கீழ் மத்திய அரசு வகுக்கும் விதிகள் இரு அவைகளிலும் 30 நாள்களுக்கு வைக்கப்பட வேண்டும். வைக்கப்படுகின்றன என்பது உண்மை, விவாதிக்கப்படுவது அபூர்வம். அவையின் மேஜையில் ஒரு கட்டுத் தாள்கள் வைக்கப்பட்டு, அடுத்த அலுவலுக்குப் போய்விடுவதைச் செய்தியாளர் மாடத்திலிருந்து பலமுறை பார்த்தாயிற்று. கோடிக்கணக்கானோரின் உடைமையைத் தொடும் முடிவு, சார்நிலைச் சட்டமாக ஓசையின்றிக் கடந்துபோவது ஜனநாயகத்துக்கு அழகல்ல. சார்நிலைச் சட்டக் குழுவாவது இந்த விதிகளை எடுத்துக்கொண்டு, ஓட்டுநர் சங்கங்களை அழைத்துக் கேட்க வேண்டும்.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. முதலில் சோதனை நிலையம், பிறகு தடை என்ற வரிசையைக் கடைப்பிடிக்க வேண்டும். தாமே வண்டி வைத்து ஓட்டும் ஓட்டுநர்கள் புதிய வண்டிக்கு மாறும்போது வட்டிச் சலுகையுடன் கடன் தர வேண்டும். அழிப்புச் சலுகையை உற்பத்தியாளரின் நல்லெண்ணத்துக்கு விடாமல், சட்டப்படியான உரிமையாக்க வேண்டும். மும்பையின் தெருக்களை ஆண்ட டாக்சி ஒன்றை அரசுச் செலவில் ஓர் அருங்காட்சியகத்தில் நிறுத்த வேண்டும்.

தலைநகரில் ஒரு ஃபியட் அப்படி நிற்கிறது. பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி பஞ்சாப் நேஷனல் வங்கியில் 5,000 ரூபாய் கடன் பெற்று வாங்கிய கார் அது. கடன் அடையும் முன்பே 1966-இல் அவர் மறைந்துவிட, மிச்சத்தை அவருடைய மனைவி லலிதா சாஸ்திரி ஓய்வூதியத்திலிருந்து அடைத்தார். அந்தக் கார் இன்று சாஸ்திரி நினைவகத்தில் இருக்கிறது.

தவணை கட்டி ஃபியட் வாங்கிய பிரதமரைப் பெற்றிருந்த நாடு இது. தவணைக்காக ஓட்டிக்கொண்டிருக்கும் ஓட்டுநரின் கணக்கு இந்நாட்டின் சட்டமியற்றுவோருக்குப் புரியாமல் போகக் கூடாது.