பிய்ச்ச பன்னிக்கறிக்கு என்னவே வெட்கம்?

பெங்களூருல வேலை பார்க்கிற நம்மூர்ப் பிள்ளைகள் அங்கே ஓட்டல்ல ‘புல்டு போர்க்’ தின்னுட்டு, செல்போன்ல படம் போடுதாவ. அதே பிள்ளைகள் கொடைக்கு ஊருக்கு வந்தா, கொட்டகையில தவிடும் புண்ணாக்கும் தின்னு வளர்ந்த வெண்பன்றியைப் பார்த்து மூக்கைப் பொத்துதாவ. சுடலைமாடனுக்கே பன்னி படைக்கிற சீமைவே இது! வளர்க்கிறவன்கிட்ட மட்டும் கிலோவுக்குப் பத்து ரூபா குறைக்கப் பேரம் வேற.

அப்படி என்ன பெரிய வித்தை அது? புல்டுன்னா பிய்ச்சது, அவ்வளவுதான். தொடைக்கறி வேண்டாம், காய்ஞ்சு போகும். முன்னங்கால் சப்பை எடுக்கணும். அதுலதான் கொழுப்பும் ஜவ்வும் ஜாஸ்தி. குக்கர்ல விசில் விட்டாலும் வேகும், ஆனா புகை வாசம் எங்கிருந்து வரும்? முற்றத்துல செங்கல் அடுக்கி, ஒரு ஓரம் தணல், மறு ஓரம் கம்பிவலை மேல கறி. இரும்புச் சட்டியைக் கவிழ்த்து மூடிரணும். தீ நாக்கு கறியைத் தொடவே கூடாது. எட்டு மணி நேரம் கிடந்தா ஜவ்வு கரைஞ்சு பசையா இறங்கி, கறி விரல்லயே நார் நாராப் பிரியும். அரைவேக்காட்டுல மட்டும் எடுத்துராதீங்க, நாடாப்புழு வரும்.

டெக்சாஸ்காரன் கறி சுடுத மெஸ்கீட் விறகு வேற யாருமில்ல, நம்ம குளத்தையெல்லாம் அடைச்சுக்கிட்டு நிக்க சீமை உடைக்குப் பங்காளி. காய்ஞ்ச விறகா வெட்டிப் போடுங்க. சாஸுக்குப் புளி, வத்தல், உடன்குடி கருப்பட்டி போதும்.

அடுத்த கொடைக்கு பாட்டில் சாஸ் தூக்கிட்டு வராதீங்கய்யா. காலைல 6 மணிக்கே முற்றத்துக்கு வாங்க, தணல் தள்ள ஆள் வேணும்.