எந்த ஊருக்குத் திருப்பிக் கொடுப்பது?

நம் பிள்ளை ஒருத்தி பதக்கம் வாங்கி வந்ததும் மாலை, பொன்னாடை, மைக். அடுத்த கேள்வி தயாராக இருக்கும்: "ஊருக்கு என்னம்மா செய்யப் போறே?"

எந்த ஊர்? நமக்கு ஊர் வேறு, சேரி வேறு. எல்லைக்கு வெளியே குடிவைத்தவர்கள் கடன் வசூலிக்க மட்டும் உள்ளே அழைக்கிறார்கள்.

வந்தனா கட்டாரியாவைக் கேளுங்கள். 2021 ஜூலை 31 அன்று, டோக்கியோவில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக மூன்று கோல். ஒலிம்பிக்கில் ஹாட்ரிக் அடித்த முதல் இந்தியப் பெண். நான்கே நாளில் அரையிறுதியில் அணி தோற்றது. ஹரித்வார் அருகே ரோஷனாபாத்தில் அவர் வீட்டு வாசலில் ஆதிக்கச் சாதியினர் பட்டாசு வெடித்து ஆடினார்கள், அணியில் தலித்துகள் அதிகம் என்பதால்தான் தோல்வி என ஏசினார்கள் என்று குடும்பம் புகார் கொடுத்தது. கைதும் நடந்தது. இந்த ஊருக்கு அவர் என்ன பாக்கி வைத்திருக்கிறார்?

இது புதிதல்ல. பல்வங்கர் பலூ புனே கிளப்பில் ஆடுகளம் உருட்டிய கூலி. வெள்ளைக்காரர்களுக்கு மணிக்கணக்கில் பந்து வீசியவர். பிறகு இந்து அணிக்கு ஆடினார். களத்தில் அவர் தொட்ட பந்தைத் தொட்டவர்கள், தேநீர் வேளையில் அவரை வெளியே நிறுத்தி மண்குவளையில் ஊற்றினார்கள். 1911 இங்கிலாந்துப் பயணத்தில் 114 விக்கெட் எடுத்தார். தலைவர் பதவி மட்டும் கடைசிவரை வரவில்லை.

1920இல் பலூவை அணியிலிருந்து நீக்கினார்கள். தம்பி விட்டலுக்கும் தலைமையை மறுத்தார்கள். விட்டலும் சிவராமும் ஆட முடியாது என்று வெளியேறினார்கள். இறுதி ஆட்டத்துக்குப் பலூ துணைத் தலைவராகத் திரும்ப வேண்டியதாயிற்று. 1923இல் விட்டல் தலைவர். அந்தச் சகோதரர்கள் நமக்குத் திருப்பிக் கொடுத்தது இதைத்தான். காசோலை அல்ல, மறுப்பு. (அதே பலூ 1937 தேர்தலில் காங்கிரஸ் வேட்பாளராக அம்பேத்கரை எதிர்த்து நின்று தோற்றார். அதையும் மறைக்க மாட்டோம். வீரர்களை நாம் கும்பிட வேண்டியதில்லை.)

அமெரிக்காவில் காலின் கேப்பர்னிக் பத்து லட்சம் டாலர் நன்கொடை தந்தார், யாருக்கும் உறுத்தவில்லை. 2016இல் தேசிய கீதத்தின்போது முழங்காலிட்டார். அந்தப் பருவத்துக்குப் பின் எந்த அணியும் அவரைச் சேர்க்கவில்லை.

தோழர்களே, நம் வீரர் தன் பணத்தில் மைதானம் கட்டினால் மகிழ்வோம். ஆனால் மைதானம் கட்டுவது அரசின் வேலை. ஒரு வேகப்பந்து வீச்சாளரின் முழங்கால் தாங்கும் சில வருடச் சம்பாத்தியத்தில், காலங்காலமாகப் பறித்ததை ஈடுகட்டச் சொல்வது அயோக்கியத்தனம். நாமும் கைதட்டிக்கொண்டே அதைச் சொல்லியிருக்கிறோம்.

அடுத்த பாராட்டு விழாவில் மைக் நம் கைக்கு வந்தால் வீரரை விட்டுவிடுவோம். மேடையில் உட்கார்ந்திருக்கும் தலைவரையும் அதிகாரியையும் கேட்போம்: பொது மைதானம் ஊருக்குள்ளே யார் தெருவில் இருக்கிறது? சாயங்காலம் காலனிப் பிள்ளைகள் மட்டையோடு அங்கே போனால் ஆட விடுகிறார்களா?