கறுத்துட்டியேன்னு கேக்கறவங்களுக்கு

அகமதாபாத் வந்து நாலு வருடமாகிறது. ஏப்ரல் பிறந்துவிட்டால் இந்த ஊரில் ஸ்கூட்டர் ஓட்டும் பெண்கள் எல்லாரும் சம்பல் பள்ளத்தாக்கிலிருந்து நேராக வருவது போலிருப்பார்கள். முகத்தைச் சுற்றி இறுக்கிக் கட்டிய துப்பட்டா, கறுப்புக் கண்ணாடி, தோள் வரைக்கும் கையுறை. நான் வந்த புதிதில் ஒரு பெண் அதே கோலத்தில் கவுண்டர் வரை வந்துவிட, எங்கள் காவலாளி துப்பாக்கியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார் :-) சூட்டுக்காகத்தான் கட்டுகிறார்கள் என்று நினைத்திருந்தேன். கிளையில் வேலை பார்க்கும் பெண்களைக் கேட்டால், "டேன் ஆயிடும் சார்" என்கிறார்கள். 43 டிகிரி வெயிலில் பயம் மயங்கி விழுவோம் என்பதல்ல, கறுத்துப் போவோம் என்பது.

சிரித்துவிட்டுப் போயிருப்பேன். போன தை மாதம் கரூரில் ஒரு கல்யாணத்துக்குப் போகும்வரை.

என் பெண் ஒன்பதாவது படிக்கிறாள். பள்ளிக்காக 400 மீட்டர் ஓடுகிறவள். மண்டபத்தில் என் பெரியம்மா அவள் கன்னத்தைப் பிடித்து, "ஏன் கண்ணு, வெயில்ல திரிஞ்சு திரிஞ்சு இப்படிக் கறுத்துப் போயிட்ட? முன்னெல்லாம் எப்படி இருப்ப!" என்றார். பாசத்தில்தான். சுற்றி நின்ற நாலு பேரும் ஆமாம் போட்டார்கள். திரும்பி வந்ததும் மூன்று வாரம் பயிற்சிக்குப் போகவில்லை. கேட்டால் கால்வலி. அவள் புத்தக அலமாரிக்குப் பின்னாலிருந்து தங்கமணி ஒரு சிவப்பழகு க்ரீம் டியூபை எடுத்துக்கொண்டு வந்த அன்றுதான் கால்வலி எதனால் என்று புரிந்தது.

நான் பி.காம். உயிரியலுக்குப் பத்தாவதோடு டாட்டா காட்டியவன். ஆனாலும் வெயில் தோலுக்குள் போய் என்னதான் செய்கிறது என்று தெரியாமல் பெண்ணிடம் என்ன பேசுவது? ராத்திரியில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். படித்தால், அட, இது நம்ம டிபார்ட்மெண்ட்!

2004-ல் எங்கள் கிளை கணினிக்கு மாறியபோது தடித்தடி லெட்ஜர்களை இரவு பகலாக உட்கார்ந்து ஏற்றினோம். மழையில் நனைந்த ஒரு லெட்ஜரில் அடுத்தடுத்த இரண்டு வரிகளின் மை கரைந்து ஒன்றோடொன்று ஒட்டிப் போயிருந்தது. நன்றாக வேகமாக ஏற்றிக்கொண்டிருந்த கிளார்க் அந்த இடம் வந்ததும் நின்றுவிட்டார். அவர் நிற்க, பின்னால் எல்லாமே நின்றது.

தோலில் நடப்பதும் இதேதான். ஒரு செல் இரண்டாகப் பிரியும் முன் தன் டிஎன்ஏ முழுவதையும் படியெடுக்க வேண்டும். நம்முடைய ஒரு செல்லில் 600 கோடிக்கு மேல் எழுத்து ஜோடிகள். ஏறக்குறைய எட்டு மணி நேரத்தில் ஆயிரக்கணக்கான இடங்களில் ஒரே சமயத்தில் எழுதி முடிக்கிறது. வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர், அதிலும் பி வகை, இந்த ஏட்டில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு 'டி' எழுத்துகள் மேல் பட்டால் இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன. படியெடுக்கும் நொதி அங்கே வந்து நின்றுவிடுகிறது.

அப்புறம் என்ன? இதற்கென்றே ஓர் ஆடிட் பிரிவு இருக்கிறது. ஒட்டிய இடத்தைச் சுற்றி ஏறக்குறைய 30 எழுத்துகளை வெட்டி எடுத்துவிட்டு, எதிர் இழையைப் பார்த்துத் திரும்ப எழுதிவிடுகிறது. டிஎன்ஏ இரண்டு இழையாக இருப்பதால் ஒரு பக்கம் கெட்டாலும் மறுபக்கத்தைப் பார்த்துச் சரிக்கட்டலாம். சாட்சாத் இரட்டைப் பதிவு முறை! இந்த வேலை எப்படி நடக்கிறது என்று கண்டறிந்த அஜீஸ் சன்ஜாருக்கு 2015-ல் வேதியியல் நோபல் கிடைத்தது. லிண்டால், மாட்ரிச் என்ற இருவரோடு சேர்த்து. சில பழுதுகளை முழுக்கத் துடைக்க ஒரு நாளுக்கு மேல்கூட ஆகுமாம். (ஒட்டிய எழுத்துகளை வெளிச்சத்தைக் கொண்டே ஒரே அடியில் பிரித்துவிடும் நொதி செடிகளுக்கு உண்டு, மீனுக்கு உண்டு, கங்காருவுக்குக்கூட உண்டு. மனிதன், மாடு, எலி வகையறா பாலூட்டிகள் பரிணாமத்தில் அதை எங்கேயோ தொலைத்துவிட்டோம். எனக்கு இதில் கொஞ்சம் வருத்தம்தான்.)

ஆடிட் முடியும் முன்பே படியெடுக்கும் நேரம் வந்துவிட்டால்? செல் டே-எண்டை நிறுத்தி வைக்கிறது. அதுவும் போதாதபோது ஒரு தற்காலிக கிளார்க் வருகிறார். பாலிமரேஸ் ஈட்டா என்று பெயர். ஒட்டிய இரண்டு 'டி'க்கு எதிரே இரண்டு 'ஏ' போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். சேதம் அளவுக்கு மீறிப் போனால் பி53 என்ற காவலாளி அந்த செல்லையே சாகவிட்டுவிடும். தப்புக் கணக்கோடு பெருகுவதைவிடக் கணக்கை மூடுவது மேல்.

இந்த ஆடிட் பிரிவு இல்லாமலே பிறக்கும் குழந்தைகள் இருக்கிறார்கள். ஜெரோடெர்மா பிக்மென்டோசம் என்ற நோய். பழுது பார்க்க முடியாததுதான் காரணம் என்று 1968-ல் ஜேம்ஸ் கிளீவர் கண்டுபிடித்தார். அதில் ஒரு வகையினருக்கு இல்லாதது அந்தத் தற்காலிக கிளார்க் மட்டும்தான் என்று 1999-ல் தெரிந்தது. இந்நோய் உள்ளவர்களுக்கு இருபது வயதுக்குள் சாதாரணத் தோல் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பத்தாயிரம் மடங்கு. பகலில் ஜன்னலோரம்கூட உட்கார முடியாத அந்தக் குழந்தைகளுக்கு வெயில் நிஜமாகவே விஷம். வெயிலுக்குப் பயப்பட அவர்களுக்குக் காரணம் இருக்கிறது. நமக்கு?

நான் சொல்ல வந்தது இதுதான். நாம் பயப்படுவது தப்பான விஷயத்துக்கு. தோலில் மெலனின் எப்படி இருக்கிறது தெரியுமா? செல்லின் உட்கருவுக்கு மேலே, வெயில் வரும் பக்கமாகக் கவிழ்த்த குல்லா மாதிரி உட்கார்ந்திருக்கிறது. உள்ளே இருக்கும் ஏடு நனையாமல் பிடித்த குடை. வெயில் அதிகம் பட்டு டிஎன்ஏ சேதமானதும் அதே பி53தான் இன்னும் கொஞ்சம் குடை அனுப்பு என்று தகவல் கொடுக்கிறது. கறுத்துப் போயிட்டியே என்று நாம் துக்கம் விசாரிப்பது இந்தக் குடை விரிவதைத்தான்! நம் ஜனங்களிடம் தோல் புற்றுநோய் குறைவாக இருப்பதற்கு இந்தக் குடை ஒரு பெரிய காரணம். அதை மடக்கி வைக்க மாதாமாதம் காசு கொடுத்து க்ரீம் வாங்குகிறோம். மண மேடை வரை இதே கதை. மேட்ரிமோனியல் வரன்களில் 'சிவந்த நிறம்' என்று எழுதாதவர்கள் எத்தனை பேர்? நம்மைப் போல வெளியூரில் இருப்பவர்கள் இன்னும் மோசம். இங்கே சுற்றி இருப்பவர்கள் நிறத்தோடு பிள்ளைகளை ஒப்பிட்டு, ஊருக்குப் போனால் அங்கேயும் பேச்சு வாங்க வைக்கிறோம்.

குடை இருக்கிறதே என்று மே மாதம் உச்சிவெயிலில் நிற்கச் சொல்லவில்லை. கறுக்கிறது என்றாலே உள்ளே கொஞ்சம் நனைந்துவிட்டது என்றும் அர்த்தம். கண்ணுக்கும் அது நல்லதில்லை. தொப்பி, முழுக்கை சட்டை, பத்து மணிக்கு முன் மைதானம். எல்லாம் சரி. அந்த ஸ்கூட்டர் பெண்களின் துப்பட்டாவும்கூட நல்ல காரியமே. காரணம்தான் தப்பு.

பெண்ணிடம் லெட்ஜர் கதையெல்லாம் சொன்னேன். பாதியில் கொட்டாவி விட்டாள். கங்காரு மட்டும் பிடித்திருந்தது. திங்கட்கிழமை காலை ஐந்தரைக்கு ஷூ மாட்டும் சத்தம் கேட்டது. டியூப் எங்கே போனது என்று நானும் கேட்கவில்லை, தங்கமணியும் சொல்லவில்லை.

பெரியம்மாவுக்கும் போன் போட்டு, மெலனின் குடை வரைக்கும் பொறுமையாக விளக்கினேன். எல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அதெல்லாஞ் சரி சாமி. புள்ளையக் கஸ்தூரி மஞ்சள் பூசிக் குளிக்கச் சொல்லு."