கொல்லிமலையில் ஒரு சொந்த வீடு

"புள்ள குட்டிய வச்சிக்கிட்டு ஓடி ஓடி ஒழைக்கிறவனுக்கு ஒண்ணுமில்ல. சொந்த வீட்டுல குந்திக்கிட்டு இருக்கிறவனுக்கு மாசாமாசம் பணம்."

கொல்லிமலையில் இந்தப் பேச்சு காதில் விழாமல் ஒரு மாதம் கழிவதில்லை. செம்மேட்டு டீக்கடையில் சொல்வார்கள், சோளக்காட்டுச் சந்தையில் சொல்வார்கள், காரவள்ளிக்கு இறங்கும் பஸ்ஸில் சொல்வார்கள். பல வருடங்களாகக் கேட்டுக்கொண்டு போயிருக்கிறேன். ஆனால் ஒரு மே தினக் கிராம சபையில், நாலு பேர் மதிக்கிற ஒரு பெரியவர் ஒலிபெருக்கியைப் பிடித்து இதையே நீதிமொழி போலப் பேசினார். அவர் பேசும்போது கூட்டத்தின் ஓரத்தில், இரண்டு கால்களும் விளங்காமல் தவழ்ந்து வந்த ஒருவர் உட்கார்ந்திருந்தார். பேச்சுக்குக் கைதட்டல் கிடைத்தது. அந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டார். அவர் தலை குனிய என்ன இருக்கிறது என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

உழைக்கும் பெற்றோருக்கு ஒன்றுமில்லை என்பதிலிருந்து தொடங்குவோம். குழந்தை வயிற்றில் இருக்கும்போது தொடங்கி டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி ₹18,000. பள்ளிக்கூடம் போனால் மதியச் சாப்பாடு. 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய காலை உணவுத் திட்டம் முதல் கட்டத்திலேயே மலைப்பகுதிப் பள்ளிகளையும் எடுத்துக்கொண்டது. மறு வருடம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. புத்தகம், சீருடை, சைக்கிள். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகும் பெண்ணுக்குப் புதுமைப் பெண் என்று மாதம் ₹1,000, பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் என்று அதே ₹1,000. 2023 செப்டம்பர் 15 முதல் குடும்பத் தலைவிக்குக் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை மாதம் ₹1,000. முதல் கட்டத்திலேயே ஒரு கோடிக்கு மேற்பட்ட பெண்கள். இவை போதும் என்று நான் சொல்லவில்லை. இவற்றில் எதையும் யாரும் 'சும்மா கொடுக்கிற பணம்' என்று சொல்லக் கூடாது. ஆனால் இவ்வளவும் வரும் வீட்டில் உட்கார்ந்துகொண்டு 'ஒண்ணுமில்ல' என்று சொன்னால் அது பொய்.

அடுத்தது அந்த 'மாசாமாசம் பணம்'. அது எவ்வளவு என்று பேச்சாளர் சொல்லவில்லை. சொன்னால் பேச்சு அங்கேயே நின்றிருக்கும். வருவாய்த் துறை வழியாக வரும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 2023 ஜனவரி முதல் ₹1,500. அதற்கு முன் ₹1,000. கடும் பாதிப்புள்ளவர்களுக்கும், மனவளர்ச்சி குன்றியவர்களுக்கும், தசைச்சிதைவு, தொழுநோயால் பாதிக்கப்பட்டவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தரும் பராமரிப்புத் தொகை ₹2,000. ஒன்றிய அரசின் ஊனமுற்றோர் ஓய்வூதியத்தில் டெல்லி போடும் பங்கு 2012 முதல் மாறாமல் ₹300. அதுவும் ஊனம் 80 சதவீதம் இருக்க வேண்டும், வறுமைக் கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். ₹1,500 என்றால் ஒரு நாளுக்கு ஐம்பது ரூபாய். 2024-25இல் தமிழ்நாட்டின் நூறு நாள் வேலைக் கூலி ₹319. ஆக, ஊரே பொறாமைப்படும் அந்த மாதப் பணம் ஐந்து நாள் கூலிக்குக் குறைவு.

குந்திக்கொண்டு வாங்குகிறார்களாம். குந்தினால் வராது ஐயா. ஊனம் 40 சதவீதத்துக்குக் குறையவில்லை என்று மருத்துவர் சான்று வேண்டும், தனி அடையாள அட்டை வேண்டும். முகாம் நடக்கும் நாள் தப்பினால் நாமக்கல்லுக்கு இறங்க வேண்டும். எழுபது கொண்டை ஊசி வளைவு, ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். நடக்க முடியாதவரை பஸ்ஸில் ஏற்ற ஆள் வேண்டும், இல்லையென்றால் வண்டி வாடகை. துணைக்கு வருபவருக்கு அன்றைய கூலி போகும். டாக்டர் விடுப்பில் இருந்தால் இன்னொரு நாள். அப்புறம் வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார். பணம் வந்த பிறகும் அதை எடுக்கக் கைரேகைக் கருவி இருக்கிறது. தொழுநோயில் விரல் மழுங்கியவரின் ரேகையை அந்தக் கருவி எங்கே போய்த் தேடும்? முடிகிறவர்கள் வேலையும் செய்கிறார்கள். நூறு நாள் வேலையில் மாற்றுத்திறனாளிக்கு நாலு மணி நேர வேலை, முழுக் கூலி என்று தமிழ்நாட்டில் விதி இருக்கிறது. அதைக் கேட்டு அவர்கள் வேலைத்தளத்துக்கு வந்தாலும் இதே வாய்கள்தான் முணுமுணுக்கின்றன. வீட்டில் இருந்தால் சோம்பேறி, வேலைக்கு வந்தால் பாதி வேலைக்காரன்.

போலிச் சான்றிதழ் என்பார்கள். போலியைப் பிடியுங்கள், கையெழுத்துப் போட்ட மருத்துவரையும் சேர்த்துப் பிடியுங்கள். இரண்டு பக்கமும் வாங்குகிறார்கள் என்பார்கள். வேறு ஓய்வூதியம் வாங்குபவருக்குப் பராமரிப்புத் தொகை கிடையாது.

இனி வீடு. இந்த வாதத்தின் உயிரே இந்தச் சொந்த வீட்டில்தான் இருக்கிறது. 'சொந்த வீட்டுல' என்ற ஒற்றைச் சொல்லைக் கேட்டதும், மாடி வைத்து டைல்ஸ் பதித்த வீட்டில் சாய்வு நாற்காலியில் ஒருவர் இருப்பது போல ஒரு படம் கேட்பவர் மனதில் விழுகிறது. பட்டணத்தில் மாதம் ஏழாயிரம் எட்டாயிரம் வாடகை கட்டி, வருடம் ஒரு வீடு மாறி, பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு அலைகிறவர் சொந்த வீட்டுக்காரரைப் பார்த்துப் பெருமூச்சு விடுவது எனக்குப் புரிகிறது. அந்தப் பெருமூச்சை எழுபது வளைவு ஏற்றிக் கொண்டுவந்து இங்கே விட்டால் அதற்கு அர்த்தமில்லை.

ஏனென்றால் கொல்லிமலையில் வாடகைக்கு இருப்பவர் யார்? வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்த வாத்தியார், நர்ஸ், போலீஸ்காரர், வங்கிக்காரர். 'நாடு' என்று அழைக்கப்படும் மலையின் பதினான்கு பகுதிகளிலும், வளப்பூர் நாட்டிலும் அரியூர் நாட்டிலும் சேலூர் நாட்டிலும், மலையாளிப் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக அவரவர் வீட்டில்தான் இருக்கிறார்கள். ஓடி ஓடி உழைக்கிற அந்தத் தகப்பனுக்கும் சொந்த வீடுதான். மேடையில் பேசிய பெரியவருக்கும் சொந்த வீடுதான். சொந்த வீடு இருப்பவர் அரசுப் பணம் வாங்கக் கூடாது என்று ஒரு விதி போட்டால், மலையில் முதலில் நிற்கப்போவது அந்தத் தகப்பனின் மனைவிக்கு வரும் உரிமைத் தொகை.

இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மகளிர் உரிமைத் தொகைக்கு அரசு என்ன கேட்டது? குடும்ப வருமானம் வருடத்துக்கு ₹2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். நன்செய் என்றால் ஐந்து ஏக்கருக்குள், புன்செய் என்றால் பத்து ஏக்கருக்குள். மின்சாரம் வருடத்துக்கு 3,600 யூனிட்டுக்குள். கார் இருக்கக் கூடாது. சொந்த வீடு இருந்தால் கிடையாது என்று ஒரு வரி அதில் இல்லை. இருக்கவும் கூடாது, நல்ல முடிவு. வருவாய்த் துறை ஓய்வூதியத்துக்கோ அதிகாரி வீடு தேடி வந்து பார்க்கிறார். வீட்டைக் காட்டிக் கேள்வி கேட்கப்படுவது ஏற்கெனவே மாற்றுத்திறனாளிதான். சலுகை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதைப் பேச்சாளர் தலைகீழாகப் படித்திருக்கிறார்.

அந்த வீடு எப்படி வந்தது என்பதையும் கேளுங்கள். அப்பா கட்டிய மண்வீடாக இருக்கும், அல்லது தொகுப்பு வீடாக இருக்கும். 2016ஆம் வருடத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 37ஆம் பிரிவில், அரசு வீட்டுத் திட்டங்களில் ஐந்து சதவீதத்தை இவர்களுக்கு ஒதுக்கச் சொல்கிறது. நாட்டின் சட்டமே வீடு கொடு என்கிறது. கொடுத்த மறுநாள், 'அதான் வீடு இருக்கே, பணம் எதுக்கு' என்று கேட்பது எந்த ஊர் நியாயம்?

வீடு இருந்தால் என்ன வருமானம் வரும்? வாடகைக்கு விடலாமா? வாடகை வரும் கட்டடங்கள் மலையில் இருக்கின்றன. ஆகாயகங்கை அருவி பார்க்க வருகிறவர்களுக்காகக் கட்டிய காட்டேஜ்கள். அவற்றின் சொந்தக்காரர் யாரும் ₹1,500 ஓய்வூதியத்துக்கு வரிசையில் நிற்பதில்லை. விற்கலாமா? ஒப்படைப் பட்டாவில் நிற்கும் தொகுப்பு வீட்டை நினைத்த நேரத்தில் விற்க முடியாது. விற்றால் அப்புறம் எங்கே போய்ப் படுப்பது? அடமானம் வைக்கலாமா? பட்டாவே சரியாக இல்லாத வீட்டை எந்த வங்கி வாங்கும்?

வருமானம் வராதது ஒரு பக்கம். அந்த வீடு செலவு வைப்பது இன்னொரு பக்கம். மலையில் வீடு என்றால் சரிவில் வீடு. வாசலுக்கு மண்ணை வெட்டிய படி, மழை பெய்தால் வழுக்கும். சக்கர நாற்காலி அரசாங்கம் இலவசமாகத் தருகிறது. அதை உருட்ட பத்தடி சமதளம் வீட்டுக்கு வெளியே கிடையாது. கழிப்பறை பின்னால் ஒரு மேட்டில் இருக்கும். கதவு அகலம் நாற்காலிக்குப் பத்தாது. தண்ணீர்க் குழாய் தெருமுனையில். கால் நல்லா இருக்கிறவனுக்கு அந்த வீடு இருப்பிடம். கால் இல்லாதவருக்கு அந்தப் படியைச் சரிவுப் பாதையாக மாற்ற சிமெண்ட், மணல், கொத்தனார் கூலி வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வாரக்கணக்கில் அவர் வாசல் தாண்டுவதில்லை. அப்படி அடைந்து கிடப்பதைத்தான் 'குந்திக்கிட்டு இருக்கான்' என்கிறார்கள்.

அமர்த்திய சென் இதை நீண்ட காலமாகச் சொல்லி வருகிறார்: ஒரே வருமானம் இரண்டு பேர் கையில் ஒரே வாழ்க்கையாக ஆகாது, ஊனமுற்றவருக்குச் சம்பாதிப்பதும் கடினம், சம்பாதித்ததை வாழ்க்கையாக மாற்றுவதற்குச் செலவும் அதிகம். பிரிட்டனில் 2013 முதல் 'பெர்சனல் இண்டிபென்டன்ஸ் பேமெண்ட்' என்று ஒன்று தருகிறார்கள். அதற்கு வீடு இருக்கிறதா, வேலை இருக்கிறதா, வங்கியில் எவ்வளவு என்று கேட்பதில்லை. உடலால் என்ன முடிகிறது, என்ன முடியவில்லை என்று மட்டும் கேட்கிறார்கள். ஊனத்தால் கூடும் செலவுக்கு அந்தப் பணம் என்பதில் அவர்களுக்குக் குழப்பமில்லை.

இன்னொன்று. உழைக்கும் பெற்றோர் ஒரு கட்சி, மாற்றுத்திறனாளி எதிர்க்கட்சி என்று பிரித்தது யார்? மனவளர்ச்சி குன்றிய மகளுக்கு வரும் ₹2,000 யார் கைக்குப் போகிறது? அவள் அம்மாவின் கைக்கு. அந்த அம்மாவும் உழைக்கும் தாய்தான். மகளைத் தனியே விட்டுவிட்டு மிளகு பறிக்கவோ மரவள்ளிக் காட்டுக்கோ போக முடியாமல் எத்தனை நாள் கூலியை இழக்கிறாள் என்று கணக்குப் பார்த்தால், அந்த ₹2,000 அதை ஈடுகட்டாது. மிளகு என்றதும் சொல்ல வேண்டியிருக்கிறது. தை, மாசியில் சில்வர் ஓக் மரத்தில் மூங்கில் ஏணி சாத்தி ஏறுகிறவர்கள் எல்லோரும் பிள்ளை குட்டிக்காரர்கள். ஏணி சறுக்கி முதுகுத்தண்டு அடிபட்டால், காலையில் 'உழைக்கிறவனாக' ஏறியவன் சாயங்காலம் 'குந்திக்கிட்டு இருக்கிறவனாக' வீட்டுக்குத் தூக்கி வரப்படுகிறான். அவன் பிள்ளைகள் அதே பிள்ளைகள்தான். பெரியவர் அவனை எந்தக் கணக்கில் எழுதுவார்?

அதிகம் கொடுத்துக் கெடுத்துவிட்டோம் என்று யாராவது நினைத்தால், அதே மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 24ஆம் பிரிவைப் படிக்கட்டும். மற்றவர்களுக்கான இதே மாதிரித் திட்டங்களைவிட மாற்றுத்திறனாளிக்குக் குறைந்தது 25 சதவீதம் கூடுதலாகத் தர வேண்டும் என்கிறது. முதியோர் ஓய்வூதியம் 2023இல் ₹1,200 ஆனது. அதோடு கால் பங்கு கூட்டினால் சரியாக ₹1,500. சட்டம் சொன்ன கடைசிப் படியில் நிற்கிறோம், அதற்கு ஒரு ரூபாய் மேலே போகவில்லை. பக்கத்து ஆந்திராவில் 2024 ஜூலை முதல் ₹6,000, படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்கு ₹15,000. அதைக் காட்டி இங்கேயும் உயர்த்தச் சொல்லி மாற்றுத்திறனாளிகள் சங்கத்தினர் மறியலில் உட்கார்ந்து கைதாகிறார்கள்.

உழைக்கும் பெற்றோருக்கு அநியாயம் நடக்கிறதா? நடக்கிறது. 2025 தொடக்கத்தில் நூறு நாள் வேலைக் கூலி மாதக்கணக்கில் நின்றுபோனது. டெல்லி தமிழ்நாட்டுக்கு ₹4,034 கோடி பாக்கி வைத்திருப்பதாக மாநில அரசு கேட்டுக்கொண்டிருந்தது. வெட்டிய மண்ணுக்குக் கூலி வரவில்லை. அது உண்மையான திருட்டு, உழைத்தவனின் பணம். அப்போது 'உழைக்கிறவனுக்கு ஒண்ணுமில்ல' என்று ஒலிபெருக்கி பிடித்திருந்தால் முதல் ஆளாய் நான் கை தட்டியிருப்பேன். யாரும் பிடிக்கவில்லை. அந்த மாதங்களில் எனக்குத் தெரிந்த வீடுகளில் உழைக்கும் அப்பாவும் அம்மாவும் வெறுங்கையோடு நின்றபோது, மளிகைக் கடைப் பாக்கியில் கொஞ்சமாவது அடைந்தது அதே வீட்டுக்குள் உட்கார்ந்திருந்த கால் விளங்காத தம்பிக்கோ கண் தெரியாத அக்காவுக்கோ வந்த ₹1,500ஆல்தான்.