மாற்றிய மூட்டில் கிருமி வந்தால்

புலம்பெயர்ந்த எம்மவருக்கும் வயது போகிறது. எண்பதுகளில் ஜேர்மனிக்கு வந்து, பக்டரிகளின் கொங்கிறீற்றுத் தரையில் நின்றே உழைத்த மூத்தவர்கள் இன்று இடுப்பு மூட்டை மாற்றிக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். பெரும்பாலானோர் நன்றாகவே நடக்கிறார்கள். நூற்றுக்கு ஒருவர் இருவருக்கு அந்தப் புதிய மூட்டில் கிருமி பிடித்துவிடுகிறது. அந்த ஒருவர் எங்கள் வீட்டில் இருந்தால்? நாங்கள் டொக்டர்கள் அல்ல, மெஷினோடு மாரடிப்பவர்கள். எம்மவருக்கு மொழிபெயர்க்க ஆஸ்பத்திரிக்குப் போய்ப் போய் அறிந்ததையே எழுதுகிறோம்.

சதைக்குள் இரத்தம் ஓடும், உலோகத்துக்குள் ஓடாது. கிருமிகள் உலோகத்தில் ஒட்டி, தம்மைச் சுற்றி வழுவழுப்பான படலமொன்றைக் கட்டிக்கொள்கின்றன. பழைய கிறீஸ் படிந்த பற்சில்லைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் போகுமா? அதுபோலத்தான் இதுவும். குளிசை மட்டும் விழுங்கினால் காய்ச்சல் அடங்கும், கிருமி அடங்காது.

ஆகவே மறுபடியும் கத்திதான். ஒப்பரேசன் முடிந்து சுமார் 4 கிழமைக்குள் கண்டுபிடித்தால், அல்லது பின்னாளில் திடீரென வந்து 3 கிழமை தாண்டாவிட்டால், மூட்டைக் கழற்றாமலே உள்ளே கழுவித் துப்புரவாக்கிப் பார்க்கலாம். பிந்திவிட்டால் மூட்டையே கழற்ற வேண்டும். சிலருக்கு அதே நாளில் புதியதை வைப்பார்கள். சிலருக்கு மருந்து கலந்த எலும்புச் சீமெந்தால் செய்த இடைக்கால மூட்டொன்றை வைத்து, பல கிழமைகள், சிலவேளை மாதக்கணக்காகக் காத்திருந்து புதியதைப் பொருத்துவார்கள். அந்தச் சீமெந்தில் ஜென்ரமைசின் என்ற மருந்தைக் கலக்கும் வழியை 1970 அளவில் காட்டியவர் ஹம்பேர்க்கைச் சேர்ந்த டொக்டர் புக்ஹோல்ஸ்.

இந்த இரண்டாவது ஒப்பரேசன் முதலாவதைப்போல இலகுவானதல்ல. இறுகிய மூட்டைக் கழற்றும்போது தொடையெலும்பு வெடிக்கலாம். இரத்தம் கூடுதலாகப் போகலாம். காலுக்கு ஓடும் நரம்பு பாதிக்கப்பட்டால் பாதத்தைத் தூக்க முடியாது. இடைக்கால மூட்டு நழுவலாம், உடையலாம். கடும் மருந்துகள் சிறுநீரகத்தைத் தாக்கலாம். அதனால்தான் அடிக்கடி இரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். புதிய மூட்டிலும் கிருமி திரும்ப வரலாம். ஒன்றும் சரிவராதபோது மூட்டே இல்லாமல் விடுவதும் உண்டு. அப்போது கால் கட்டையாகி, ஊன்றுகோலோடுதான் நடக்கவேண்டும்.

பயமுறுத்த இதை எழுதவில்லை. "முதல் ஒப்பரேசன் பிழைத்துவிட்டது, இப்போது ஏமாற்றுகிறார்கள்" என்று எம்மவர் கதைத்துக்கொண்டு வீட்டிலேயே இருக்கும் நாட்களில்தான் மூட்டைக் காப்பாற்றும் காலம் கழிந்துபோகிறது. காயத்தில் நீர் வடிந்தால், சிவந்தால், காய்ச்சல் வந்தால், குறைந்த நோ மீண்டும் கூடினால், ஒப்பரேசன் செய்த ஆஸ்பத்திரிக்கே உடனே போங்கள். மூட்டு வைத்தபோது தந்த அட்டையையும் கொண்டுபோங்கள். அலுமாரியில் மிஞ்சிக் கிடக்கும் அன்ரிபயோற்றிக்கை நீங்களாகவே போடாதீர்கள். மூட்டு நீரை எடுத்துச் சோதிக்குமுன் அதை விழுங்கினால் எந்தக் கிருமியென்று பிடிபடாமற் போகலாம்.

இன்னுமொன்று. பன்னிரண்டு வயதுப் பேரப்பிள்ளையை மொழிபெயர்க்கக் கூட்டிப்போகிறோம். தாத்தாவின் கால் கட்டையாகலாம் என்பதை அந்தப் பிள்ளை எப்படிச் சொல்லும்? சொல்லாமல் விழுங்கிவிடும். தாத்தாவோ தலையாட்டிக் கையெழுத்து வைப்பார். ஜேர்மனியில் 2013இல் வந்த நோயாளர் உரிமைச் சட்டத்தின்படி, விளக்கம் நோயாளிக்கு விளங்கும்படி இருக்கவேண்டும். கையெழுத்திட்ட தாள்களின் பிரதியையும் தரவேண்டும். எனவே வளர்ந்த ஒருவர் லீவு போட்டுக்கொண்டு கூடப் போங்கள். எத்தனை ஒப்பரேசன், இடையில் எவ்வளவு காலம், அதுவரை எப்படி நடப்பது, இம்மாதிரி எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

எங்களை வளர்த்து ஆளாக்கிய கால்கள் அவை. ஒருநாள் சம்பளம் போனால் போகட்டும்.